ரெண்டாவது சங்கிலி

— தூக்கு பாய். இன்னா மொறைச்சிகினு நிக்கற? கப்பி சங்கிலிய புடிச்சி இஸ்து வுடு. அவ வர்றதுக்குள்ள வேலைய முடி.

— இரு ஜம்பு. அவசரப்படாத.

— நானா அவசரப்படறேன்? தொடை மேல ஒரு இரும்பு கர்டரு குந்திகினு கீது. காத்தாலேர்ந்து குந்திகினு கீது. எழுந்து போடான்னா போவுமா அது?

— கொஞ்சம் தண்ணி குடி. தலைய தூக்காத, நான் ஊத்துறேன்.

— போதும், போதும். மூக்குல ஊத்தாத. இன்னா தாவூது பாய், பாதி தண்ணிய மண்ணுல கொட்டற? பூந்தமல்லி பட்டற பூரா உன் கைய பாத்து பொறாமைப்படும்னு சொல்லுவ.

— வெயில்.

— வெயிலா! சித்திரையில உலைக்கு முன்னாடி நின்னவனுக்கு வெயிலு!

— வலிக்குதா ஜம்பு?

— நோவே இல்ல. அதான் பேஜாரு. காலு கீதா இல்லியான்னே தெர்ல. காத்தால சங்கிலி அறுந்து இது வுளுந்தப்போ ஒரு கத்து கத்துனேன் பாரு, அத்தோட சரி. இப்போ இடுப்புக்கு கீழ வேற எவனோ படுத்துகினு கீறாப்ல கீது. மத்தவனுங்க எல்லாம் எங்க?

— மேஸ்திரி எல்லாரையும் ரயில் ரோட்டாண்ட அனுப்பிட்டாரு. சித்தாளு முனியம்மா மாரடிச்சு அழ ஆரம்பிச்சா. அதான்.

— உசிரோட இருக்கறவனுக்கு ஒப்பாரியா? நல்ல பொம்பள. ஆவடிக்கு ஜப்பான்காரன் வருவான், குண்டு போடுவான்னு சொல்லிதான் இத்தினி பெரிய மிலிட்டரி டிப்போவ கட்றானுங்க. எனக்கு இவனுங்க கர்டரே போதும்.

— சிரிக்காத. மூச்சு வாங்குது உனக்கு.

— சிரிக்காம இன்னா பண்றது? சரி, மேல பாரு. ரெண்டாவது சங்கிலி சொம்மாதான தொங்குது? கப்பியும் கீது, கொக்கியும் கீது, நீயும் கீற. மாட்டி தூக்கேன்.

— அதுவும் அறுந்துரும்.

— ஏன் அறுந்துரும்?

— நீண்டு போச்சு.

— ஐய, நீண்டா இன்னா? பாரம் தொங்குனா சங்கிலி நீளத்தான் செய்யும், எறக்கிட்டா திரும்பிக்கும். நீதான சொல்லுவ.

— திரும்புற வரைக்கும் சரி. இரும்புக்குன்னு ஒரு எல்லை இருக்குது ஜம்பு. அதுக்குள்ள நீ நூறு தடவ இழுத்தாலும், விட்டா பழைய எடத்துக்கு வந்துரும். எல்லைய தாண்டி ஒரே ஒரு தடவ இழுத்துட்டா, அப்புறம் வராது. நீண்டது நீண்டதுதான். நீண்டா சங்கிலியோட ஒவ்வொரு கண்ணியும் நடுவுல மெலியும். மெலிஞ்ச எடத்துக்கு அதே பாரம் ஜாஸ்தியா தெரியும். இன்னும் நீளும், இன்னும் மெலியும். அப்புறம் படார்னு போயிரும்.

— காத்தால போச்சே, அத்த மாதிரி.

— ஆமா.

— அது நம்ம பண்ண வேலதான பாய்? கோடவுன் தரையில அந்த ரெண்டு ஆணி.

— இப்போ ஏன் அந்த பேச்சு?

— வேற இன்னா பேச? மாசத்துக்கு ஒரு தபா ஓவர்சீயரு வருவாரு. சங்கிலிய தரையில நீட்டி போடுவோம். முத ஆணில ஒரு முனை, மறு முனை ரெண்டாவது ஆணிய தாண்டக்கூடாது. தாண்டிச்சின்னா சங்கிலி செத்துப்போச்சின்னு தூக்கி போடணும். அதான சட்டம்?

— அதான்.

— நம்ம சங்கிலி தாண்டிச்சி. இத்தினி விரக்கடை தாண்டி நீட்டிகினு கெடந்துச்சி. புது சங்கிலி எங்க கீது சண்ட நேரத்துல? சங்கிலி இல்லாகாட்டி வேல இல்ல, வேல இல்லாகாட்டி எல்லாரும் ஊட்டுக்கு போன்னுடுவான் காண்ட்ராக்டுகாரன். அப்போ நம்ம மூளைய பாரேன்! ரெண்டு கண்ணிய அறுத்து எடுத்துட்டு கொக்கிய மறுபடி மாட்டினோம். சங்கிலி அழகா ரெண்டு ஆணிக்குள்ள அடங்கிச்சி. ஓவர்சீயரு வந்தாரு, பாத்தாரு, தலைய ஆட்னாரு, போனாரு.

— நீளத்த அளந்தாரு. கண்ணிய எண்ணல.

— எண்ணியிருந்தா?

— தெரிஞ்சிருக்கும். மிச்சம் இருந்த கண்ணி ஒவ்வொண்ணும் நீண்ட கண்ணிதான ஜம்பு? ரெண்ட வெட்டி எறிஞ்சா மொத்த நீளம் கொறையும். ஒவ்வொண்ணும் தன் அளவுக்கு மேல எவ்ளோ நீண்டிருக்கோ அது கொறையுமா? மெலிஞ்சது தடிக்குமா? எனக்கு அது தெரியாதா? தெரிஞ்சுதான் அறுத்தேன்.

— நீ அறுத்த, நான் புடிச்சேன். ஊரே கைதட்டிச்சி. வெள்ளிக்கெழம பூசையில அந்த சங்கிலிக்கு மஞ்ச தடவி, குங்குமம் வெச்சி, கற்பூரம் காட்டுனா முனியம்மா. நீ கூட பொரி வாங்கி துன்ன. வுடு பாய். உன்ன கோவிச்சிக்கவா இத்த பேசறேன்? நான் கேக்க வர்றது வேற.

— என்ன?

— ரெண்டாவது சங்கிலிய நம்ம அறுக்கல.

— அறுத்தோம்.

— எப்போ?

— நீ இல்லாதப்போ.

— நான் எப்போ பாய் இல்லாம போனேன்? இந்த மண்ண வுட்டு நான் எங்க போனேன்?

— ...பேசாத ஜம்பு. பெரம்பூர்லேர்ந்து வேற சங்கிலி வருது. லாரி அனுப்பியிருக்காங்க. வந்ததும் தூக்குறேன்.

— பெரம்பூர்லேர்ந்து!

— ஆமா.

— காத்தால மிலிட்டரி டாக்டரு வந்து பாத்தாரே, இன்னா சொன்னாரு?

— காத்திருக்க சொன்னாரு.

— ரொம்ப நேரம் இங்கிலீசுல பேசுனாரே. அதெல்லாம் காத்திருக்கறது ஒண்ணுதானா?

— அவங்க அப்படித்தான். ஒண்ண பத்தா பேசுவாங்க.

— சரி பாய், உன் சங்கிலி கதைய நான் கேட்டுக்கினேன். இப்போ என் கதைய கேளு. நாகவல்லிய இட்டார ஆளு அனுப்புனது யாரு?

— நான்தான். பாடிக்கு, அவங்க அம்மா வீட்டுக்கு. மிலிட்டரி லாரிலயே அனுப்புனேன்.

— உன்ன யாரு கேட்டா?

— கேக்கணுமா? பொண்டாட்டி இல்லியா?

— தையிலேர்ந்து என் மூஞ்சில முழிக்காத பொண்டாட்டி. உனக்கு தெரியும் இல்ல? என் நெலத்த இந்த டிப்போவுக்கு சர்க்காரு எடுத்துக்கினான், சரி, போவுது, எங்க ஊரு சேக்காட்டுல பாதி பேரு நெலம் போச்சின்னு வுட்டுட்டா. அதுக்கு அழுதா, சண்ட போட்டா, அடங்கிட்டா. ஆனா அதே நெலத்துல நான் கூலிக்கு வந்து நின்னேன் பாரு, அத்த மட்டும் அவளால தாங்க முடில. நீ இன்னிக்கி கோட்டு போட்ட தொர வெரட்டுற எடத்துல நேத்து மல்லாக்கொட்ட போட்டவன்யா, வெக்கமா இல்லியான்னா. இல்லன்னேன். துணிய எடுத்துகினு பாடிக்கு போய்ட்டா.

— கோவம் ஆறியிருக்கும் ஜம்பு.

— ஆறக்கூடாது பாய். அத்ததான் சொல்றேன். அத்தொட்டுதான் சொல்றேன், அவ வர்றதுக்குள்ள தூக்குன்னு.

— என்ன பேசற நீ?

— கோவமா கீறவ பொழச்சிக்குவா. திட்டிகினே கூட வேல செய்வா, திட்டிகினே சோறு துன்னுவா. இங்க வந்து என் கைய புடிச்சி, நான் மன்னிச்சிட்டேன்யான்னு சொல்லிட்டா, அப்பால அவ இன்னாத்த வெச்சிகினு நிப்பா? சொல்லு.

— நீ சாவ போறவன் மாதிரி பேசாத.

— நீ சாவாதவன் கிட்ட பேசற மாதிரி பேசு, பாப்போம். என் மூஞ்ச பாத்து பேசு.

— இரு, மூஞ்சில ஈ மொய்க்குது. தொடச்சி வுடறேன்.

— லாரி சத்தம் கேக்குது.

— பெரம்பூர் லாரியா இருக்கும்.

— பெரம்பூர் லாரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த நடைய பாரு. அந்த கைவீச்ச பாரு. வந்துட்டா பாய். நாசமா போச்சி.

— வா தங்கச்சி. இப்படி வா. பாத்து, கம்பி கிடக்குது. இங்க நிழல்ல உக்காரு.

— பாயண்ணே, அவரு சோறு துன்னாரான்னு கேளுங்க.

— நீயே கேளேன்மா. இதோ இங்கதான கிடக்குறான்.

— நான் கேக்க மாட்டேன். நீங்க கேளுங்க.

— ஜம்பு, சோறு துன்னியான்னு கேக்குது உன் பொண்டாட்டி.

— துன்னேன்னு சொல்லு. காத்தால கூழு. கூட ஒரு வெங்காயம்.

— வெங்காயத்த அவருக்கு யாரு உரிச்சி குடுத்தா? ராங்கி புடிச்ச மனுசன், தானா ஒரு வெங்காயம் உரிக்க தெரியாதே. கேளுங்கண்ணே.

— கடிச்சி துன்னேன்னு சொல்லு பாய். தோலோட.

— ஐயே! தோலோட துன்னாராம்! ஒரு வருசம் வுட்டுட்டு போனா மாடு கணக்கா தோலோட துன்னுவாரு போல.

— வருசம் இல்ல, நாலு மாசம்தான்னு சொல்லு.

— எண்ணிகினு கீறாரா? எண்ணிகினு இருந்தவரு பாடிக்கு நடந்து வர்றதுதான? காலு இருந்துச்சி இல்ல அப்போ?

— தங்கச்சி...

— இன்னாண்ணே, நான் இன்னா தப்பா சொல்ட்டேன்? காலு இருந்துச்சி. நடந்து வந்திருக்கலாம். ஒரு தபா, வாசல்ல வந்து நின்னு, நாகு வாடின்னு சொல்லியிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? ஒவ்வொரு நாளும் சாயங்காலம் தலைய சீவிகினு குந்தியிருந்தேன். எங்க அம்மா சிரிச்சா. யோவ், உன்னத்தான்யா கேக்கறேன். ஏன்யா வரல?

— ...வந்தேன் நாகு.

— எப்போ வந்த?

— ரெண்டு மூணு தபா வந்தேன். உங்க தெரு முனை வரைக்கும். இந்த டிப்போ வேட்டி, இந்த டிப்போ அழுக்கு. நீ பாத்தா மறுபடி அதே வார்த்தய கேப்பன்னு திரும்பிட்டேன்.

— கேட்டிருப்பேன்தான். கேட்டுட்டு ஊட்டுக்கு வந்திருப்பேன்.

— எனக்கு அது தெரிலயே.

— தெரிஞ்சிக்கினு இன்னா பண்ண போற இப்போ? மூஞ்சி இன்னா இப்டி வெளுத்து கீது? கைய குடு. ஐயோ, ஜில்லுன்னு கீதே. பாயண்ணே, இவரு கை ஏன் இப்டி ஜில்லுன்னு கீது? வெயில்ல கெடக்கற ஆளு!

— ரத்தம் சரியா ஓடாது தங்கச்சி. பாரம் அழுத்துது இல்ல.

— அப்போ பாரத்த எடுங்க.

— சங்கிலி வருது. பெரம்பூர்லேர்ந்து.

— மேல தொங்குதே, அது இன்னா? பாம்பா?

— அது வாணாம் நாகு. அது நீண்டு போன சங்கிலி. பாய் சொல்றத கேளு, பாய்க்கு தெரியாதா? அறுந்துகினு மறுபடி வுளுந்தா எனக்கு இன்னும் ஜாஸ்தியா ஆய்டும். பெரம்பூர் சங்கிலி வரட்டும். சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுவாங்க. எடுத்துட்டா, டாக்டரு கட்டு கட்டுவாரு, கொஞ்ச நாளு நொண்டுவேன், அப்பால செரியா பூடும்.

— நெஜமாவா?

— டாக்டரே சொன்னாரு. இங்கிலீசுல. பாய கேளு.

— ஆமா தங்கச்சி. சொன்னாரு.

— நீ இன்னா பண்ற நாகு, இங்க குந்தியிருக்காத. சேக்காட்டு ஊடு பூட்டிகினு கீது. சாவி என் இடுப்பு கயித்துல கீது, எடுத்துக்க. போய் தொற. பெருக்கு. தூசி ஏறிப்போயி கெடக்கு. வெந்நீ போடு, என்ன இட்டாந்ததும் ஒடம்பு தொடைக்கணும் இல்ல?

— நான் இங்கியே இருக்கேனே.

— இருந்து இன்னா பண்ண போற? கர்டரு தூக்கறதுல பொம்பளைங்க நிக்கக்கூடாது, மேஸ்திரி கத்துவாரு. போ. ரசம் வெய்யி. மொளகு ஜாஸ்தி போட்டு.

— ரசம் வெச்சா துன்னுவியா?

— துன்றேன்.

— தோலோட துன்ன மாட்டியே?

— மாட்டேன்டி. போ.

— கைய வுடுய்யா, அப்போதான போவ முடியும்.

— வுட்டுட்டேன்.

— நான் பேசுனத மனசுல வெச்சிக்காத. கூலின்னு சொன்னத. நெலம் போன ஆத்திரம். உன் மேல இல்ல. உன் மேல எப்பவும் இல்ல.

— தெரியும். போ நாகு. வெயிலு ஏறுது. முக்காட்ட போட்டுகினு போ.

— வர்றேன்.

— ...போய்ட்டாளா பாய்?

— போய்ட்டா. அந்த தூணுக்கு அந்தாண்ட திரும்பிட்டா.

— நல்லா பாரு.

— பாத்துட்டேன். தெரியல இப்போ.

— சரி. உன் ஆச நடந்துச்சி. அவ வந்தா, பேசுனா, போனா. இப்போ தூக்கு.

— ஜம்பு, பெரம்பூர்லேர்ந்து...

— போதும் தாவூது. பாவம் நீ, காத்தாலேர்ந்து ஒத்த பொய்ய வெச்சிகினு எத்தினி சுத்து சுத்துவ? அந்த சங்கிலி நல்ல சங்கிலி. ஒரு கண்ணி கூட நீளல. போன மாசம் நீயும் நானும்தான் அத்த எண்ணி, தொடச்சி, எண்ண போட்டோம். பெரம்பூர்லேர்ந்து எவனும் வரல. என் காலுதான் கர்டருக்கு அடில கீது. காது வெளியதான் கீது. டாக்டரு இங்கிலீசுல சொன்னத மேஸ்திரி உன்கிட்ட தமிழ்ல சொன்னாரு இல்ல, அதோ அந்த மூட்டைங்களுக்கு பின்னாடி? எல்லாம் கேட்டுச்சி. கர்டரு அழுத்திகினு கீறவரைக்கும்தான் நான் பேசிகினு கீறேன். எடுத்தா, செத்த காலுல தேங்கி கீற கெட்ட ரத்தம் நெஞ்சுக்கு ஏறும். ஏறுனா அப்பவே ஆளு காலி. எடுக்காம வுட்டாலும் ராத்திரி தாண்டாது, அதுக்குள்ள நோவு வரும், கத்தி கத்தி போவணும். வெட்டி எடுக்கவும் முடியாது, இடுப்பு வரைக்கும் நசுங்கி கீது. இதான சொன்னாரு?

— அல்லா...

— சொல்லு பாய். இதான?

— இதான்.

— அப்பறம் ஏன் எடுக்காம வெச்சிகினு கீற?

— அவ வந்து ஒரு தடவ உன்ன பாக்கட்டும்னு. ரெண்டு பேரும் மூஞ்சி திருப்பிக்கிட்டே பிரியக்கூடாதுன்னு. அது ஒண்ணுக்குத்தான். இப்போ அவளும் வந்துட்டா. இப்போ... இப்போ என்னால முடியல ஜம்பு.

— முடியும். கப்பி சங்கிலிய இஸ்தா தானா ஏறப்போவுது. எத்தினி கர்டரு ஏத்தியிருப்ப.

— அந்த சங்கிலிய அறுத்தது இந்த கை. இப்போ இத தூக்கி உன்ன கொல்றதும் இதே கைதானா? இரும்ப ஏமாத்த முடியாதுன்னு தெரிஞ்சும் ஏமாத்துனேன். ஓவர்சீயர ஏமாத்துனேன், ஆணிய ஏமாத்துனேன். பாரம் மட்டும் ஏமாறல. ஒரே தடவ உன் மேல வந்து விழுந்துருச்சு.

— அழுவாத பாய். எனக்கும் அழுவ வருது, அப்பறம் நான் கத்த ஆரம்பிச்சிடுவேன். அடி வயித்துல லேசா நோவு கிளம்புது. டாக்டரு சொன்னாரு இல்ல, அந்த நோவு. அது ஏறுறதுக்குள்ள.

— மேஸ்திரிய கூப்டறேன். வேற யாராச்சும் இழுக்கட்டும்.

— வேற எவன் இஸ்தாலும் குலுக்குவான். உன் கைக்குத்தான் அது பூ கணக்கா ஏறும். நீயே வெரசா இஸ்து வுடு. நான் கண்ண மூடிக்கறேன். நாகு அடுப்பு மூட்டியிருப்பா இந்நேரம்.

— என்னால முடியல. கை வரலடா. அல்லா மேல ஆணையா, கை தூக்க மாட்டேங்குது.

— தாவூது, பாய், நீ என் தோஸ்து இல்லியா?

— முடியல ஜம்பு. முடியல.

— வுடுங்க பாயண்ணே. நான் ஊட்டுக்கு போவல, அந்த தூணுக்கு பின்னாடிதான் நின்னுகினு கீறேன். டிப்போ கேட்டாண்டயே டாக்டரோட கம்பவுண்டரு எல்லாத்தையும் என்கிட்ட சொல்லிட்டாரு. நீங்க அந்தாண்ட திரும்பி நில்லுங்க. சங்கிலிய என் கைல குடுங்க, என் புருசன நான் தூக்கறேன்.